உரிமம் கேட்டு எழுதிய வண்டி

தொண்ணூறுகளின் நடுவில் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வங்காளத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் மகளுக்கு ரேடியோ ரிமோட்டில் இயங்கும் மான்ஸ்டர் டிரக் பொம்மை ஒன்று வாங்கி வந்தார். ஒன்றரை அடி நீளம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய சக்கரங்கள். பதினோரு வயதுக்காரி பெட்டியைப் பிரித்த கையோடு, "அப்பா, லேக்குக்குப் போலாமா? நீங்க ஒரு ரவுண்டு, நான் ஒரு ரவுண்டு" என்றாள். லேக் என்பது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஏரிக்கரைப் பூங்கா.

நான் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்த அலைவரிசைக்கு உங்கள் நாட்டில் அனுமதி தேவையா என்று உறுதி செய்துகொள்ளவும். மத்திய அரசு அலுவலகத்தில், மற்றவர்கள் விதி மீறியதை விசாரிக்கும் பிரிவில் இருபது ஆண்டு உட்கார்ந்தவனுக்கு அது போதும். டெல்லிக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதினேன். 'கருவியின் பயன்பாடு' என்ற இடத்தில் விளையாட்டு என்று எழுதி, அது கௌரவமாக இல்லையென்று அடித்துவிட்டு, கல்வி என்று எழுதினேன். பதில் வரும்வரை வண்டி பீரோவுக்குள்.

"எப்பப்பா வரும்?"

"முறைப்படி வரும்."

"கீழ்வீட்டு காக்கு சொல்றார், இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்களாம்."

"கேக்கறதுதாண்டி என் வேலை."

காக்கு, அதாவது சித்தப்பா, என்று அவள் கூப்பிட்டது கீழ்த்தளத்து வங்காளி வாத்தியாரை. மூன்றரைக்கெல்லாம் பள்ளியிலிருந்து வந்துவிடுபவர்.

பதில் வரவில்லை. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், 'மேற்கண்ட கடிதங்களின் தொடர்ச்சியாக' என்று இன்னொன்று. இதற்கிடையே எனக்கும் கை அரித்தது. ஓட்டுவதற்குத்தானே அனுமதி வேண்டும், கழற்றி மாட்டுவதற்கு வேண்டாமே. மின்சாமான் விற்கும் சாந்தினி மார்க்கெட்டில் அலைந்து, அச்சுகளில் இருந்த பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதிலாக பால் பேரிங் வாங்கிப் போட்டேன். மைத்துனர் எண்ணெய் ஊற்றும் ஷாக் அப்சார்பரும் வலுவான மோட்டாரும் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தித்தாளை விரித்து உட்காருவேன். மகள் ஸ்குரூக்களை எடுத்துக் கொடுப்பாள்.

ஒரு நாள் சொன்னாள்: "முன்னாடி ஸ்பிரிங் ரொம்ப இறுக்கம்ப்பா. வேகமாத் திரும்பினா கவுந்துரும்."

ஓடாத வண்டி கவிழும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? விசாரணைப் பிரிவுக்காரனுக்கு அது தோன்றவில்லை. என் மகள் கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டேன்.

இரண்டாம் ஆண்டு பூஜை விடுமுறையில், புது மோட்டாருக்கு ஏற்ற பல்சக்கரம் போடுவதற்காக கியர்பாக்ஸைத் திறந்தேன். உள்ளே கிரீஸோடு குழைந்த மணல். பல்லிடுக்கில் பச்சை மாறாத ஒரு புல். ஸ்குரூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவளுக்குப் பதிலாக அவள் அம்மா வந்தாள்.

"பீரோவுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட இருக்கறது மறந்து போச்சா? வாரத்துல ரெண்டு நாள், ஸ்கூல் விட்டதும் லேக்ல ஓட்டறோம். காக்கு வீட்டுலதான் பேட்டரி சார்ஜ் போடறது."

"ஓட்டறோம்னா? நீயுமா?"

"பின்ன? அவளுக்கு அடுத்தபடி நல்லா ஓட்டறது நாந்தான். காக்கு மூணாவது."

"இது குற்றம்னு தெரியுமா?"

"எழுதிக் குடுங்க. பதில் சொல்றோம்."

மகள் சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் சிரித்திருந்தால் அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிப்போயிருப்பாள். நான் ரிமோட்டைத் துணியில் சுற்றி, முடிச்சில் அரக்கு வைத்து, தேதி போட்டு, அலுவலகப் பெட்டகத்தில் கொண்டுபோய்ப் பூட்டினேன். சொந்தப் பொருளை அங்கே வைப்பது விதிமீறல். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சில நாள் கழித்துப் படிக்கட்டில் காக்கு நிறுத்தினார். "ஒரு நாள் வந்து பார்த்திருக்கலாம் தாதா. வண்டி தாவும்போது அவள் சிரிக்கிற சிரிப்பு ரோடுவரை கேட்கும்" என்றார், அண்ணன் முறை வைத்து, வங்க மொழியில். ஆபீஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிவிட்டேன். அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான். நானே தனியாக அலுமினிய அச்சு போட்டேன், சக்கரங்களை மாற்றினேன். வண்டி நாளுக்கு நாள் உயர்தரமாகிக்கொண்டே போனது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, நான் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது, டெல்லியிலிருந்து இரண்டே வரியில் கடிதம் வந்தது. இத்தனை குறைந்த சக்தியுள்ள விளையாட்டுக் கருவிக்கு உரிமம் தேவையில்லை. அன்றே அரக்கை உடைத்தேன். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகளிடம் கடிதத்தைக் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "சரிப்பா, போலாம்" என்றாள்.

லேக்கில் அவள் ஒரே ஒரு ரவுண்டு ஓட்டினாள். இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே வளைத்து, வேகம் குறையாமல் கொண்டுவந்து, என் காலடியில் நிறுத்தினாள். முகத்தில் ஒன்றுமில்லை. "நல்லா பண்ணியிருக்கீங்கப்பா" என்று ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். நான் ஓட்டினேன். வண்டி நேராகப் போய் மரத்தில் இடித்து மல்லாந்தது.

"பரவாயில்லப்பா. முதல் தடவைதானே?" என்று எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெரியவர் யாரிடமோ பேசுகிற மரியாதை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "டியூஷன் எடுக்கப் போகணும். நீங்க ஓட்டிட்டு வாங்க."

அவள் ஆட்டோ பிடித்துப் போனாள். பேட்டரி தீரும்வரை ஓட்டினேன். எனக்கு நேராகப் போகவும் நேராகத் திரும்பி வரவும் மட்டும்தான் வந்தது.