சிமெண்ட் பூசியது நான்தான்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. காரைக்கால் டவுனுக்குள் நாங்கள் குடியிருப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு. தெருப் பக்கம் வளைவு வைத்த உயரமான ஜன்னல்கள், மாடி விளிம்பில் பூவேலை செய்த கைப்பிடிச் சுவர். உள்ளே போனால் நம்மூர் வீடுகள் மாதிரி முற்றம், சுற்றிலும் அறைகள். முன் ஹாலில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். வெளியே தடாலென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கைப்பிடிச் சுவரில் ஒரு பகுதி பாளமாகப் பெயர்ந்து தெருவில் கிடக்கிறது. நல்லவேளை, மழைக்குப் பயந்து யாரும் நடமாடவில்லை.

நாலாம் நாள் நகராட்சியிலிருந்து வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆபத்தான கட்டடம், பதினைந்து நாளில் அகற்ற வேண்டும், ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தது.

வீடு என் கணவருக்கும், பிரான்ஸில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. அண்ணன் அன்றைக்கே வீடியோ காலில் வந்துவிட்டார். "நல்லதாப் போச்சு. இடிச்சிட்டு பிளாட் கட்டிடலாம். பழைய மரம் எடுக்கிற ஆளை அனுப்புறேன், உத்திரத்தையெல்லாம் பார்த்துக்கட்டும்" என்றார். என் கணவர் அண்ணன் பேச்சைத் தட்டாதவர், தலையை ஆட்டினார். நான் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"இது விழுற வீடு இல்ல அத்தான். நீங்க ஒரு தடவையாவது வந்து மராமத்து பண்ணியிருந்தா இந்தக் கதி வந்திருக்காது."

"வாக்கப்பட்டு வந்தவங்களுக்கு இதுல என்ன பேச்சு?" என்றார் அவர்.

இருபத்திரண்டு வருஷமாகப் பெருக்கி, கழுவி, கதவுக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பவள் நான். சித்திரை வெயிலிலும் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து தைக்க முடிகிற வீடு. எனக்கு இதில் பேச்சு இல்லையாம். இந்த வீட்டிலிருந்து ஒரு செங்கல்கூட எடுக்க விடுவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன்.

கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க இரண்டு இன்ஜினியர்களைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. வயசான கட்டடம், கையெழுத்துப் போட முடியாது என்று போய்விட்டார்கள்.

மறுநாள் அண்ணன் அனுப்பிய ஆள் வந்தார். திருமலைராயன்பட்டினத்துக்காரர், பழைய வீடுகளை இடித்து மரம் எடுத்து விற்கிற பாய். நான் கத்திரிக்கோலும் கையுமாக வாசலை மறித்து நின்றேன்.

"இது இடிக்கிற வீடு இல்ல பாய். நீங்க போகலாம்."

அவர் கோபப்படவில்லை. சுவரோரம் நாங்கள் குவித்து வைத்திருந்த பாளங்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த சிமெண்ட் எப்பப் பூசுனது?"

"பத்து வருஷம் இருக்கும்."

"யாரு பூசச் சொன்னது?"

மகள் சர்ச்சில் முதல் முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வீட்டில் விழா வைத்தபோது, முகப்பில் சுண்ணாம்பு உதிர்வது அசிங்கமாக இருக்கிறது என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். சுண்ணாம்பு அடித்தால் போதும் என்று என் கணவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நான்தான்" என்றேன்.

"அதான் விழுந்திருக்கு. சுண்ணாம்புச் சுவரு ஈரத்த இழுக்கும், அதே மாதிரி வெளியவும் விட்டுடும். நீங்க மேல சிமெண்டப் போட்டு அடைச்சிட்டீங்க. உப்புக் காத்து வேற. ஈரம் போக வழியில்லாம செங்கல்லு ஊறிப் பேத்துக்கிட்டு வந்திருச்சு."

வழியை விட்டு விலகினேன். அவர் அறை அறையாகப் போய், ஏணி போட்டு ஏறி, உளியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு உத்திரத்தையும் தட்டிப் பார்த்தார். குளியலறைப் பக்கம் ஒன்றே ஒன்றைக் கரையான் அரித்திருந்தது. சிமெண்ட் படாத பின்கட்டுச் சுவர்கள் அந்த மழையிலும் காய்ந்திருந்தன.

"இத இடிச்சா எனக்கு அருமையான தேக்கு கெடைக்கும். ஆனா விழுற வீடுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்றார்.

"இதையே ஆபீஸ்ல வந்து சொல்லுவீங்களா?"

யோசித்தார். வீட்டை இடிக்கக் கொடுப்பவர்களை நம்பித்தான் அவர் பிழைப்பு. அப்புறம், "வர்றேன் தங்கச்சி, இன்ஷா அல்லாஹ்" என்றார்.

அன்று சாயங்காலம் நானே அண்ணனைக் கூப்பிட்டேன். "உங்களக் குத்தம் சொன்னது தப்பு அத்தான். சிமெண்ட் பூசிக் கெடுத்தது நான்தான். அதுக்கு வீட்டுக்குத் தண்டனை குடுக்க வேணாம். என்ன ஆனாலும் இடிக்க விடமாட்டேன்" என்றேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, பக்கத்தில் இருந்த என் கணவர் போனை வாங்கி, "இடிக்கிறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேண்ணே" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அண்ணனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆட்சேபம் சொல்லும் நாளன்று பாய் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். "இடிக்கிறவரே இடிக்க வேணாங்கிறாரா?" என்று அதிகாரி சிரித்துவிட்டார். ஆனால் தன் இன்ஜினியரை அனுப்பி உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். முகப்புக் கைப்பிடிச் சுவரை மட்டும் எடுத்துவிட வேண்டும், மற்றதைப் பழுது பார்த்தால் போதும் என்று உத்தரவு வந்தது.

அந்தப் பூவேலை போனது போனதுதான். முகப்பில் மிச்சமிருந்த சிமெண்டைக் கொத்தி எடுக்க ஆள் வைத்தபோது, நானும் சாரத்தில் ஏறி ஒரு வாரம் கொத்தினேன். கை கொப்பளித்து, தையல் மெஷினைத் தொட முடியவில்லை. பிறகு சுண்ணாம்புக் காரையே பூசினோம். இப்போது மழைக்கு அங்கே ஒரு பொட்டு ஈரம் நிற்பதில்லை. அண்ணன் என்னோடு இன்னும் பேசுவதில்லை. அது அவர் இஷ்டம்.

தப்பை ஒத்துக்கொண்டால் எதிர்த்து நிற்கிற உரிமை போய்விடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒத்துக்கொண்ட அன்றைக்குத்தான் என் குரல் எனக்கே உறுதியாகக் கேட்டது, இன்றும் யார் முன்னாலும் அது தணிவதில்லை.