கொசுறு நின்றுபோன தெரு

பள்ளிக்கூடத்தில் "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று வாத்தியார் கேட்டதற்கு, சின்னவன் "கடைக்காரங்களோட சண்டை போடுறார்" என்று சொல்லியிருக்கிறான். வகுப்பே சிரித்ததாம். அன்று முழுக்க அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அச்சாபீசில் எழுத்துக் கோப்பதுதான் என் சம்பள வேலை. ஆனால் ஊருக்கு என்னைத் தெரிந்தது அந்தச் சண்டையால்தான். நுகர்வோர், உரிமை என்ற சொற்களெல்லாம் பிற்பாடு வந்தவை. நான் தொடங்கியபோது அதற்குப் பேர் வம்பு.

பிள்ளைகளே, அந்த வம்பின் ஆரம்பத்தை உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு இன்றும் அதில் சிரிப்பு வருவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்துகொண்டிருந்தன. தெப்பக்குளத்துப் பக்கம் நான் வேலை செய்த அச்சாபீசுக்கு அந்த அறிவிப்பு அச்சுக்கு வந்தது. கடைகளில் அரசு முத்திரை போட்ட அளவுதான் இருக்க வேண்டும், குறைந்தால் ஆய்வாளரிடம் புகார் செய்யலாம் என்று இருந்தது. எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்ததில் அது மனப்பாடமாகிவிட்டது. சட்டமே என் கைக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. பெரிய கடைவீதியில் முத்திரை போட்ட லிட்டர் அளவு ஒன்று வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் வாங்கிய ஒரு லிட்டர் நல்லெண்ணெயை அதில் ஊற்றிப் பார்த்தேன். விளிம்புக்கு வரவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மனு எழுதிக் கொடுத்தேன். ஆய்வாளர் வந்து கடையின் அளவைக் கவிழ்த்துப் பார்த்தார். அதன் அடித்தகடு உள்பக்கமாகத் தட்டி மேடாக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்காரர்மேல் வழக்கும் எழுதினார். தெரு முழுக்க நின்று பார்த்தது. நான் எல்லாருக்கும் முன்னால் நின்றேன்.

மறுநாளிலிருந்து கடைக்காரர் சரியாக அளந்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் கொசுறை நிறுத்திவிட்டார். பருப்பு வாங்கினால் ஒரு கை பொட்டுக்கடலை, பிள்ளையோடு போனால் அச்சுவெல்லத்தில் ஒரு துண்டு, கேட்டால் கொஞ்சம் பெருங்காயம் என்று கொடுத்தவர் அவர். பெண்கள் கேட்டபோது, "கொசுறா? அதுல முத்திரை இல்லீங்களேம்மா. கம்ப்ளெயிண்ட் ஆயிடும். அச்சாபீஸ்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்பாராம்.

அதன் பலனை உங்கள் அம்மா அனுபவித்தாள். பெரியவள் அப்போது அவள் வயிற்றில் இருந்தாள். குழாயடிக்கு இவள் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். முன்பெல்லாம் தண்ணீர் தூக்கிக் கொடுத்தவர்கள், "நிதானமா புடிச்சுக்கோ, கழுத்து வரைக்கும் சரியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இவளுக்குத் தாய் இல்லை. எனக்கும் இல்லை. அந்தத் தெருப் பெண்கள்தான் இவளுக்குப் பிறந்த வீடு. ஒரு ராத்திரிகூட இவள் என்னைத் திட்டவில்லை. "வளைகாப்புக்கு யாரு வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வளைகாப்புக்குக் குங்குமச் சிமிழோடு பெண்கள்தான் போய் அழைப்பார்கள். தன் வளைகாப்புக்கு அழைக்க இவளே எப்படிப் போவாள்? நான் போனேன். ஆண்பிள்ளை கையில் சிமிழைப் பார்த்ததும் முதல் வீட்டிலேயே கொல்லென்று சிரித்தார்கள். இரண்டாவது வீட்டில், "எத்தனை பேரு வரணும்னு அளந்து சொல்லிடுங்க. கூடக் கொறைய வந்து நாங்க கேஸுல மாட்டிக்கப் போறோம்" என்றார்கள். அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வெயிலில், கையில் சிமிழோடு நின்றேன். கடைக்காரர் தன் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுப் பெண் உங்கள் அம்மாவுக்குச் சிநேகிதி. பஸ் கண்டக்டர் ஒருவரின் மனைவி. வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரிக்காதது அவள் ஒருத்திதான்.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அவன் அளவு கொறைச்சல்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"தெரியுமா?"

"தினம் தாளிக்கிறவளுக்குத் தெரியாதா? அதுக்குத்தான் கொசுறுல சண்டை போட்டுப் புடுங்கிக்குவோம். அது எங்க கணக்கு. நீங்க மனு எழுதுறதுக்கு முன்னாடி எங்கள்ல ஒருத்திகிட்டயாவது கேட்டீங்களா? உங்க பொண்டாட்டிகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எண்ணெய் வாங்குகிறவர்கள் அவர்கள். அவர்களுக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"தப்புதாம்மா" என்றேன்.

"என்கிட்ட எதுக்கு? அதைக் குடுங்க இப்படி" என்று சிமிழை வாங்கிக்கொண்டாள். "ஆம்பளை வந்து அழைச்சா எவ வருவா? போய் வேலையப் பாருங்க."

வளைகாப்பு அன்று அவர்கள் வந்தார்கள். நேரம் கடத்தி, ஒன்றாகச் சேர்ந்து, ஆளுக்கொரு ஜோடி கண்ணாடி வளையலோடு வந்தார்கள். கதவு திறக்காத வீட்டுக்காரியும் வந்தாள். உங்கள் அம்மா அழுதாள். ஆண்களுக்கு உள்ளே இடமில்லை என்று என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். சந்தனம் பூசி முடித்ததும் கேலிப் பாட்டு ஆரம்பித்தது. அங்கேயே கட்டிய பாட்டு.

"சோத்தைக்கூட அளந்து போடும் அத்தானாம் – எங்க அக்கா
சிரிச்சாலும் முத்திரை எங்கே என்பாராம்."

தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். கடைக்காரரும் கேட்டார். காதெல்லாம் சுட்டது. ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது உள்ளே உங்கள் அம்மா சிரிக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. பல நாளாகக் கேட்காத சிரிப்பு. என்னை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று தெரிந்தும் நகராமல் நின்றேன்.

கலைந்து போகும்போது எதிர்வீட்டுப் பெண் எலுமிச்சம்பழச் சாதம் வைத்த இலையை என்னிடம் நீட்டினாள். "நாளைக்கு நாங்க எல்லாரும் சேந்து கடைக்குப் போறோம். அளவும் சரியா இருக்கணும், கொசுறும் வேணும்னு கேக்கப் போறோம். நீங்க வராதீங்க" என்றாள்.

மறுநாள் அச்சாபீசுக்கு லீவு போட்டிருந்தேன். ஆனாலும் கடைப்பக்கம் போகவில்லை. தெருமுனையில் அவர்கள் குரல் உயர்வதும், கடைக்காரர் ஏதோ சொல்வதும், எல்லாரும் சிரிப்பதும் வீட்டுக்குள் கேட்டது. என்ன பேசிக் கொசுறைத் திரும்ப வாங்கினார்கள் என்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.