ஆழம் எழுதாத துண்டு

சாம்பல்தீவுப் பக்கம் பழைய நகரம் ஒன்றைத் தோண்டவந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு நான்தான் சமைத்தேன். அவர்களில் ஒருத்தி, தன் குழியில் எடுத்த பானை ஓடுகளை வைத்துத்தான் இறுதியாண்டு ஆய்வை எழுத வேண்டும். கடைசி நாளன்று காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஓடுகள் கழுவாமல் பைபையாகக் கிடந்தன.

என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். பிள்ளைகள் ஒரு நேரத்தில் ஒரு பையைத்தான் கழுவுவார்கள். அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். நான் எல்லாப் பைகளையும் ஒரே பேசின் தண்ணீரில் கொட்டி, தென்னந்தும்பால் தேய்த்து, பெரியது சின்னது பார்த்துச் சாக்கில் வடிவாக அடுக்கிவைத்தேன்.

எழும்பி வந்தவள் அப்படியே நின்றாள்.

"பைக்குள்ள இருந்த கடதாசித் துண்டுகள் எங்க அன்ரி?"

"அந்த ஊத்தைக் கடதாசியோ? அடுப்புக்க போட்டனான் பிள்ளை."

"எந்த ஓடு எந்த ஆழத்தில எடுத்தது எண்டு அதிலதான் எழுதி வச்சனான்."

"பாத்துச் சொல்ல ஏலாதோ?"

"ஏலாது அன்ரி. ஆழத்தை வச்சுத்தான் எந்தக் காலத்து ஓடு எண்டு சொல்லலாம்."

"அப்ப இன்னொருக்காத் தோண்டுவம். நான் மண் அள்ளித் தாறன்."

"தோண்டின மண்ணைத் திருப்பித் தோண்ட ஏலாது."

அவள் என்னை ஏசவில்லை. கெட்டியாகத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அது ஆறிப்போய்க் கிடந்தது. ஓடுகளை எல்லாம் ஒரே பையில் அள்ளிப் போட்டாள். புதுத் துண்டில் குழியின் இலக்கத்தை எழுதினாள். ஆழம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டாள்.