நகத்து மை

காய்ச்சலில் கொதிக்கும் மகளை மடியில் கிடத்திக்கொண்டு, வடமதுரை ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் யாரோ கையில் சானிடைசர் தேய்க்கிறார்கள். அந்த வாடையில், எதிரே பூட்டிக் கிடக்கும், நான் படித்த அரசுப் பள்ளி நினைவில் திறந்துகொள்கிறது.

ஊசி நாளில் நர்ஸம்மாவின் மொபெட் சத்தம் கேட்டாலே சத்துணவு அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்குவோம். ஊசி போட்டுக்கொண்டவர்கள் நகத்தில் அழியாத மை வைப்பார் என்பதால், ஒருமுறை நானே பேனா மையைத் தடவிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். ஸ்பிரிட் பஞ்சால் ஒரே துடை, மை போய்விட்டது.

"என்னையவே ஏமாத்துறியா? செத்த நேரம் கண்ண மூடிக்க ஆத்தா."

அவர் ஓய்வு பெற்றபின் வேறு நர்ஸைப் போடவில்லை. பள்ளியை ஒட்டிய சுகாதார நிலையத்துக்கும் பூட்டு. மகளுக்கு மூச்சு இரைக்கிறது. பஸ்ஸைக் காணோம். தூரத்தில் மொபெட் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.