கல்லுக்கு ஒரு முகம்

எங்கள் ஊர் கொச்கோரில் செத்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்லறையில் முகம் கொடுத்தவன் துரன்பெக். ஆள் போய் வருஷம் திரும்பும்போது கறுப்புக் கல் நடுவோம். அதில் முகத்தைப் பொறிப்பவன் நாரின் நகரத்தில் இருந்தான். அவனுக்குப் படம் போவது துரன்பெக்கின் போட்டோக் கடையிலிருந்துதான். முப்பது வருஷம் பிலிமில் எடுத்த கை அது. ஒரு முகத்துக்கு மூன்று படம், அதற்கு மேல் கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். கஞ்சன் என்று ஊரே கேலி செய்தது. மூன்றில் பிடிக்கத் தெரியாதவனுக்கு முன்னூறிலும் தெரியாது என்பான்.

வெளிச்சத்தில் மட்டும் அவன் தாராளம். மீட்டர் என்ன காட்டினாலும் ஒரு படி கூடவே லென்ஸைத் திறந்து வைப்பான். பிலிமில் வெளிச்சம் கூடினால் நெகடிவ் கறுத்துப் போகும், அவ்வளவுதான். இருட்டறையில் இன்னும் கொஞ்ச நேரம் விளக்கைக் காட்டினால் முகம் மெல்ல எழுந்து வந்துவிடும். குறைந்தால்தான் ஆபத்து. இன்னொரு நியதியும் வைத்திருந்தான்: கல்லுக்கென்று எடுத்த படத்தை ஆள் உயிரோடு இருக்கும்வரை கழுவ மாட்டான். நாமே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பிலிம் வருவது நின்றுபோன வருஷம், தன் பெண் குதிரை ஒன்றை விற்று டிஜிட்டல் கேமரா வாங்கினான். கேமராதான் மாறியது, கை மாறவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவனுடைய அக்கா பூபுசாராவுக்கு வயிற்றில் கட்டி முற்றிவிட்டது. தாய் இல்லாத அவனை வளர்த்தவள் அவள்தான். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவன் அவளை ஒருமுறைகூட உருப்படியாக உட்கார வைத்து எடுத்ததில்லை. பிப்ரவரியில் ஆள் அனுப்பி அவனை வரவழைத்தாள்.

"பாஸ்போர்ட்டுல இருக்கே, அந்த மூஞ்சி மட்டும் என் கல்லுக்கு வேண்டாண்டா தம்பி. அவரப் பொதைச்ச மறுநாள் பென்ஷனுக்குப் பாஸ்போர்ட் வேணும்னு ஆபீஸ்ல புடிச்சது. செத்த பிறகும் நான் அழுதுக்கிட்டே நிக்கணுமா?"

அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

பக்கத்து வீட்டு கலிச்சா வந்து, அம்மா காலத்து எலேச்செக் துணியை எடுத்து அவள் தலையில் முழம் முழமாகச் சுற்றிவிட்டாள். வெள்ளைவெளேரென்ற தலைப்பாகை, நோயில் வெளுத்த முகம். வீட்டுக்குள் எடுக்கலாம் என்று அக்காவின் மகள் ஜிபார் சொல்லிப் பார்த்தாள். பூபுசாரா கேட்கவில்லை, பனிமலை பின்னால் தெரிய முற்றத்தில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நாற்காலியோடு தூக்கி வந்து பனியில் வைத்தார்கள். முதல் படம் எடுத்துத் திரையைப் பார்த்தான். பனியின் கூச்சத்தில் அது இருட்டாகத் தெரிந்தது. ஏற்கெனவே கூட்டி வைத்திருந்த வெளிச்சத்தை இன்னும் ஒரு படி கூட்டினான். கலிச்சா அவனுடைய வழுக்கையைப் பற்றி ஏதோ சொல்ல, அக்கா வலியை மறந்து சிரித்தாள். அதை எடுத்தான். இன்னொன்றும் எடுத்தான். போதும் என்று கேமராவைப் பையில் போட்டான்.

அதன்பின் பதினொரு நாள் அவள் உயிரோடு இருந்தாள். பதினொரு நாளும் படம் அவன் பையிலேயே கிடந்தது. டிஜிட்டலில் கழுவ என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

நாற்பதாம் நாள் முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் திறந்தான். முதல் படத்தில் கொஞ்சம் நிழல் இருந்தது, ஆனால் அவள் கண்ணை மூடியிருந்தாள். மற்ற இரண்டிலும் இரண்டு கண், புருவம், உதட்டின் ஒரு கோடு. நெற்றி, கன்னம், பாகை, பனி எல்லாம் ஒரே வெள்ளை. இருட்டறைப் பழக்கத்தில் படத்தை இருட்டாக்கினான். வெள்ளை சாம்பலானது, சாம்பலிலிருந்து முகம் எழுந்து வரவில்லை. விடியும்வரை கூட்டியும் குறைத்தும் பார்த்தான். பிறகு மேசையில் தலையை வைத்து அழுதான்.

பொறிப்பவனுக்கு அனுப்பியபோது, அவன் மூக்கு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினான். வேறு வழியில்லாமல் துரன்பெக் ஜிபாரிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவள் வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"ஏதாவது பண்ணி வரவழைக்க முடியாதா மாமா?"

"இருந்தா வரவழைக்கலாம்மா. வெளிச்சம் மிஞ்சிட்டா டிஜிட்டல்ல வெறும் வெள்ளைதான், அங்க ஒண்ணுமே பதியல."

ஜிபார் உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். இதை வேண்டாம் என்றுதானே உங்கம்மா கெஞ்சினாள் என்றான்.

"சத்தியம் பண்ணது நீங்க. எனக்கு எங்கம்மா மொகம் வேணும்."

அந்தப் படத்தை அவனே பெரிதாக்கி, அவனே நாரினுக்குக் கொண்டுபோனான்.

இப்போது அவன் ஒரு கிழவரை உட்கார வைத்தால் ஐம்பது அறுபது என்று எடுக்கிறான். வெள்ளைக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் குறைக்கிறான். தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு, அதற்குள் திரையைப் பார்க்கிறான். எழுந்து போகிறவரைப் பிடித்து மறுபடி உட்கார வைக்கிறான். தாராளப் பிரபு ஆகிவிட்டான் என்று ஊர் சிரிக்கிறது.

வருஷம் திரும்பிக் கல் நட்ட அன்று, ஓதி முடித்தவர்கள் எல்லோரும் அச்சு அசல் பூபுசாரா என்றார்கள். வீங்கிய கண், இறுகிய வாய், அப்படியே விழுந்திருந்தது. கலிச்சா மட்டும் கல்லின் முன்னால் நின்று துரன்பெக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்குச் சிரிச்சாளேப்பா. அத நீ எடுக்கலையா?"

எடுத்தேன் என்றான் துரன்பெக்.