மிதிக்க ஒரு கால், பார்க்க ஒரு கண்

வெலிச்காவின் கார் இடிபட்டது அக்டோபர் மாதத்துக் காலை ஒன்றில். இடி என்று சொல்வதுகூட அதிகம். டான்யூப் நதியிலிருந்து எழுந்து வந்த மூடுபனி சாலையை மூடிக் கிடந்தது. குறுக்கே போன வாத்துக் கூட்டத்துக்காக அவள் பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஊர்ந்து வந்த ரூமெனின் டிராக்டர், தூங்குகிறவரைத் தோளில் தொட்டு எழுப்புவதுபோல, காரின் பின்பக்கத்தை மெல்லத் தொட்டு நின்றது. டிக்கியில் இருந்த ரொட்டிகள் ஒரு சாண் நகர்ந்தன. அவ்வளவுதான்.

ரூமென் இறங்கி வந்து காரின் பின்னால் குனிந்து பார்த்தான்.

"அக்கா, பிரேக் போட்டா பின்னாடி சிவப்பா எரியணும். தெரியும்ல?"

"எரியலையா?"

"எரிஞ்சிருந்தா நான் ஏன் உன் வண்டியில முட்டிக்கிட்டு நிக்கிறேன்? ரொட்டி வாசம் வந்துச்சு. அதை வச்சுத்தான் முன்னாடி போறது நீன்னு தெரிஞ்சுது."

இதை அவளே பேக்கரிக்குத் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். பேக்கரி அவள் வீட்டுக்கு எதிரில்; அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்வது நான். என் அடுப்பில் வெந்த ரொட்டியை ஆற்றங்கரைக் கிராமங்களுக்குக் கொண்டு போவது வெலிச்கா. பழைய டிரைவர் விதின் நகரத்துக்கு வேறு வேலை தேடிப் போனபோது, அதுவரை கவுண்டரில் நின்றிருந்தவள், "நான் ஓட்டுறேன்" என்றாள். நாற்பது வயதைத் தாண்டிக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். கார் அவள் கணவன் விட்டுப்போனது. அவன் ஸ்பெயினில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போனான். முதலில் ஞாயிறுதோறும் போன் வந்தது, பிறகு ஈஸ்டருக்கு மட்டும் வந்தது, பிறகு அங்கே அவனுக்கு ஒரு குழந்தை பிறந்திருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். வெலிச்கா அதைக் கேட்டுவிட்டு, "பொண்ணா, பையனா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அந்தக் காலைப் பயணங்களை விரும்பினாள். நெட்டிலிங்கம்போல் நெடிய பாப்லர் மரங்கள் வெள்ளையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து மறுபடி வெள்ளைக்குள் போகும். ரொட்டியின் சூட்டில் கண்ணாடி வியர்க்கும். தான் வண்டியில் போகவில்லை, வண்டி நின்ற இடத்தில் நிற்க, உலகம்தான் மெதுவாகப் பின்னால் போகிறது என்று தோன்றும் என்பாள்.

அன்று மதியம் அவளே டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். பழைய மாடல் ஃபியூஸ்: விரல்நுனி அளவுப் பீங்கான் உருளை, அதன்மேல் மெல்லிய தகடு. ஒன்றில் தகடு உருகிக் கறுத்திருந்தது. புதியதை வைத்ததும் விளக்கு எரிந்தது. மறுநாள் காலை இரண்டாவது கிராமத்தைத் தாண்டுவதற்குள் மறுபடி போய்விட்டது. பிரேக் விளக்கும் ஹாரனும் ஒரே ஃபியூஸில் இருந்ததால் ஹாரனும் ஊமையாகிவிடும். அதனால் ரொட்டி வந்தது தெரியாமல் கிராமத்துப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அவள் இறங்கி வீடு வீடாகக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"சிகரெட் பாக்கெட்டு வெள்ளித்தாளை அதுமேல சுத்திவிடு அக்கா" என்றான் ரூமென். "அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது."

அதை அவள் செய்திருப்பாள். வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மெத்தோதிதான் தடுத்தார்.

"ஃபியூஸ் போகாது. வண்டி போயிடும்" என்றார் அவர். "எங்கயோ ஒயர் தப்பா தொடுது. ஃபியூஸ் தன் உசுரைக் கொடுத்து அதைச் சொல்லுது. வெள்ளித்தாளைச் சுத்தினா ஒயர் பத்திக்கும்."

மெத்தோதிக்குக் கண் தெரியாது. ஆறு வயதில் காய்ச்சலில் போனது. பார்வையற்றவர்கள் வேலை செய்யும் பட்டறையில் மின்சார சுவிட்சுகளைக் கையால் கோத்துக் கோத்தே காலம் தள்ளியவர். பட்டறை மூடிய பிறகு வீட்டில் இருந்தார். இருவரும் பல வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் வணக்கத்தைத் தாண்டிப் பேசிக்கொண்டதில்லை.

பிரேக் விளக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். தனியாக வாழ்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. வெலிச்கா முதலில் ஒரு விளக்குமாற்றுக் கட்டையைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். வந்து பார்ப்பதற்குள் கட்டை சரிந்துவிட்டது. மறுபடி ஓடினாள். மறுபடி சரிந்தது. மெத்தோதி அவள் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்திருப்பார் போலும்.

"எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு" என்றார் வேலிக்கு அப்பாலிருந்து. "கண்ணு உங்களோடது. சரிதானே?"

ஞாயிற்றுக்கிழமை. மூடுபனி மதியமாகியும் விலகவில்லை. அவள் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். அவர் ஸ்டீயரிங்கை வட்டமாகத் தடவிப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

"மிதிங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து.

மிதித்தார்.

"எரியுதா?"

அவர் மறுபடி மிதித்தார்.

"எரியுதான்னு கேட்டேன்."

"தலையாட்டிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள் வெலிச்கா. சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெத்தோதி சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது என்று அவள் சொல்வாள்.

பெடல் அழுத்தும்போது சுவிட்சின் சத்தம் பிசிறாக இருக்கிறது, கோளாறு அதில்தான் என்றார் அவர். சுவிட்ச் அவருடைய தொழில். அவள் நம்பி விதினுக்குப் பஸ் ஏறிப் போய்ப் புதுச் சுவிட்ச் வாங்கி மாட்டினாள். திங்கட்கிழமை ஃபியூஸ் வழக்கம்போல போனது.

"ஆயுசு பூரா சுவிட்சு கோத்தேன்" என்றார் மெத்தோதி. "அது எப்படிக் கெடும்னு மட்டும் கத்துக்கல."

"பரவாயில்லை. பழசு நிஜமாவே பிசிறு அடிச்சுது" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு இருவரும் முறையாக ஆரம்பித்தார்கள். பின்னால் இரண்டு பல்புகளையும் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தார்கள். அசையாமல் நிற்கும்போது ஃபியூஸ் தாங்கியது. வெலிச்கா டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து காரை மேலும் கீழும் ஆட்டினாள். பெட்டியில் ஒரு சின்ன 'டிக்'.

"போச்சு" என்றார் மெத்தோதி.

பல்பே இல்லாமல் போகிறதென்றால் கோளாறு பல்பில் இல்லை, ஒயரில். இடது விளக்குக்குப் போகும் ஒயரை மட்டும் பிரித்துவிட்டு, வேறு ஃபியூஸ் போட்டு மறுபடி ஆட்டினாள். ஃபியூஸ் தாங்கியது. அப்படியானால் இடது பக்கம். ஆனால் அந்த ஒயர் காரின் உடம்புக்குள்ளே, இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஓடியது. உள்தகட்டைக் கழற்ற வேண்டும். திருகுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. ஃபியூஸைக் கழற்றி வைத்து, எண்ணெய் விட்டுவிட்டு ஊறட்டும் என்று காத்திருந்தார்கள்.

காத்திருந்த நேரத்தில்தான் அது நடந்தது. டிரைவர் சீட்டில் இருந்த மெத்தோதி ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினார்.

"இப்ப நாம எங்க போயிட்டிருக்கோம்?"

டிக்கியில் உட்கார்ந்திருந்த வெலிச்கா சுற்றிலும் பார்த்தாள். முற்றம் இல்லை, வீடு இல்லை, வேலி இல்லை. எங்கும் மூடுபனியின் வெள்ளை. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

"ஊரைத் தாண்டியாச்சு" என்றாள். "இடதுபக்கம் ஆறு. தெரியல, ஆனா இருக்கு."

"வாசம் வருது. சொல்லுங்க."

"நேரா போங்க. ரெண்டு பக்கமும் பாப்லர் மரம். மெதுவா. வாத்து வரும்."

அவர் பிரேக்கை மிதித்தார். "போயிடுச்சா?"

"ஒண்ணு மட்டும் நின்னுக்கிட்டு இருக்கு. ஹாரன் அடிங்க."

"ஃபியூஸ்தான் இல்லையே."

"அப்ப இருங்க. அதுவா போகும்."

இருவரும் காத்திருந்தார்கள். அந்த வாத்து போகும்வரை நிஜமாகவே காத்திருந்ததாக வெலிச்கா என்னிடம் சொன்னாள். முதல் கிராமம் வந்தது. தேவாலயத்தின் தகரக் கூரையைச் சொன்னாள். கிணற்றடியில் பையோடு நிற்கும் பெண்களைச் சொன்னாள். ஆற்றில் மணல் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது, அக்கரையில் ருமேனியாக்காரர்களின் நாய் குரைத்தது. இரண்டாவது கிராமத்தை அவரே சொன்னார். அப்பாவின் குதிரை வண்டியில் போனபோது அங்கே ஒரு நீலக் கதவைப் பார்த்திருந்தார். கண் போவதற்கு முந்தின கோடையில்.

"இன்னும் இருக்கா அந்தக் கதவு?"

அந்த வீடே இடிந்துவிட்டது அவளுக்குத் தெரியும். "பெயின்ட் கொஞ்சம் உரிஞ்சிருக்கு" என்றாள்.

மூடுபனி முற்றத்தில் மெதுவாக நகர்ந்தது. வெலிச்கா சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். கார் போய்க்கொண்டே இருந்தது.

"வெலிச்கா" என்றார் அவர், தாழ்ந்த குரலில். அதுவரை அவர் அவள் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. "உன் பக்கத்துல யாரோ இருக்காங்க."

அவள் திடுக்கிட்டாள். "யாரு?"

"உனக்கு இடதுபக்கம். தகட்டுக்குள்ள. மூச்சு விடுறாங்க."

காதைத் தகட்டில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மிக மெல்லியதாக, கீச் கீச்.

எண்ணெய் ஊறியிருந்தது. திருகுகளைக் கழற்றித் தகட்டை விலக்கியபோது உள்ளே, ஒயர் வளைந்து போகும் மூலையில், ஒரு கூடு. மாவுச் சாக்கின் நூல், ரொட்டித் துணுக்கு, பாப்லர் மரப் பஞ்சு. நடுவில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள், கொண்டைக்கடலை அளவில். கூட்டை ஒட்டிய இடத்தில் ஒயரின் தோல் கடித்து உரிக்கப்பட்டிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் செம்புக் கம்பி தகட்டைத் தொட்டிருக்கிறது, அந்த நேரம் அவள் பிரேக்கை மிதித்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. இத்தனை நாளும் அவள் ரொட்டியோடு இவர்களையும் கிராமம் கிராமமாகச் சுற்றிக் காட்டியிருக்கிறாள்.

"என்ன பண்ணலாம்?" என்றாள்.

"கையில கொடு."

கூட்டை அப்படியே எடுத்து அவர் உள்ளங்கைகளில் வைத்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் ஒயரின் புண்ணில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, அதன்மேல் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைப் போர்த்தி, தகட்டைத் தொடாதபடி கட்டினாள். பல்புகளையும் பிரித்த ஒயரையும் மாட்டி, புது ஃபியூஸை வைத்தாள். அவர் கையைக் குவித்தபடியே காலால் மிதித்தார். மூடுபனி பின்னால் இரண்டு இடங்களில் சிவந்தது. அவள் எவ்வளவு ஆட்டியும் அணையவில்லை.

"எரியுது" என்றாள் சத்தமாக, அவருக்குக் கேட்க வேண்டுமென்று.

கூட்டைக் கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் வைத்தார்கள். இரண்டு நாளில் தாய் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்விட்டது. வெலிச்கா அன்றிலிருந்து டிக்கியைத் தினமும் பெருக்கினாள்.

புதன்கிழமை விடிகாலை வெலிச்கா ரொட்டி ஏற்ற வந்தபோது முன்சீட்டில் மெத்தோதி உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, கோட்டுப் போட்டு, தொப்பி வைத்திருந்தார்.

"முதல் ஊர் வரைக்கும்தான்" என்றார் நான் கேட்காமலே. "ரோடு அவ சொன்ன மாதிரித்தான் இருக்கான்னு பாக்கணும்."

முதல் ஊரில் அவர் இறங்கவில்லை. கடைசி ஊர் வரை போனார். இரண்டாவது கிராமத்தில் கார் நின்றபோது, ஒரு வீட்டு வாசலைத் தாண்டி அவர் தலை தானாகத் திரும்பியதாம். நீலக் கதவு இருந்த அந்த இடத்தில் இப்போது காற்று மட்டும் இருந்தது. வெலிச்கா ஹாரனை அடித்தாள். கிராமத்துப் பெண்கள் காரைச் சூழ்ந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன வெலிச்கா, ரொட்டியோட ஆளையும் விக்க ஆரம்பிச்சிட்டியா?"

"நேத்து சுட்டது" என்றார் மெத்தோதி. "பாதி விலைக்கும் யாரும் வாங்க மாட்டாங்க."

"நான் வாங்கிட்டேன். விடுங்க" என்றாள் வெலிச்கா, சில்லறையைக் கொடுத்தபடியே. சொன்ன பிறகு அவள் காது நுனி சிவந்துவிட்டது என்று அந்தப் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அந்தக் குளிர்காலம் கடுமையாக இருந்தது. பனி விழுந்து சாலை மூடிய நாட்களில் ரொட்டி போகவில்லை. மெத்தோதியின் புகைபோக்கியில் புகை வருவதும் நின்றது. அவருக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து நான் கதவைத் தட்டினேன். அவர் வெலிச்காவின் சமையலறை ஜன்னலைத் திறந்து, "இங்க இருக்கேன். உள்ள வா, சீஸ் வச்சுச் சுட்ட பனிட்சா சூடா இருக்கு" என்றார்.

வசந்தத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு வேலியில் இரண்டு பலகைகளைப் பிடுங்கச் சொன்னார். தெருவைச் சுற்றிப் போக வேண்டாமே என்றார். பிடுங்கினேன். வெலிச்காவின் கோழிகள்தான் முதலில் அந்த வழியைக் கண்டுபிடித்தன. இப்போது அவை அவர் வீட்டுப் பக்கம் போய்ப் புல்லுக்குள் முட்டையிடுகின்றன. காலையில் அவர் மண்டியிட்டு, இரு கைகளாலும் ஈரப் புல்லைத் தடவிக்கொண்டு, அவசரமில்லாமல் தேடிக்கொண்டிருப்பார். அடுப்பை மூட்டிவிட்டு வெளியே வரும்போது அதைப் பார்ப்பேன்.