பாதி சொன்னால் போதும்

பள்ளிச் சீருடை தைத்துக் குடும்பம் நடத்துகிறவள் அவள். தெருவில் எல்லோருக்கும் தையலம்மா. புருஷன் பஸ் கண்டக்டர், வாய் ஓயாத மனுஷன். டிக்கெட் கிழிக்கும்போதே நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவான். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த வாய் அடங்கிப்போனது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தவனை வாடகைக் காரில் ஏற்றி, அவன் வேலையில் கொடுத்த காப்பீட்டு அட்டையும் கையுமாகத் தனியார் மருத்துவமனைக்குத்தான் முதலில் கொண்டுபோனாள். அட்டை செல்லுமா என்று கம்ப்யூட்டரில் பார்க்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் செல்லாது என்று கையை விரித்துவிட்டார்கள். அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு ஓடினாள். அங்கே மூச்சுக் கொடுக்கும் மிஷின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம்புதிதாக நின்றது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் லீவு. யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

எட்டு மாதம் கழித்து மருத்துவச் சீர்திருத்த மசோதா வந்தது. அரசு மருத்துவமனைகளைத் தனியார் நிர்வாகத்திடம் ஒப்படைப்பார்களாம், வீட்டுக்கு வீடு காப்பீட்டு அட்டை தருவார்களாம். ஊர் இரண்டுபட்டது. முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்துபோனவன்கூட உண்டு. நகர மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மசோதாவை ஆதரிக்கும் வக்கீல் முதலில் வீடு தேடி வந்தார்.

"அந்த உறை பிரிக்காத மிஷினைப் பத்தி மட்டும் சொல்லுங்கம்மா, போதும். மீதியை நாங்க பாத்துக்கறோம்."

மறுநாள் செவிலியர் சங்கத் தலைவி வந்தாள். அவள் மசோதாவை எதிர்க்கிறவள்.

"தனியார்ல உங்களை உக்கார வெச்சிருந்தாங்களே, அதைச் சொல்லுங்க. மிஷின் விஷயம் வேண்டாம், நம்ம நர்ஸ் பொண்ணுங்க பேருதான் கெடும்."

இரண்டு பேருக்கும் தலையை ஆட்டி அனுப்பினாள். புருஷனின் அக்கா, கல்யாணம் ஆகாதவள், அதே வீட்டில்தான் இருந்தாள். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்காகப் பேசப்போறே?"

"அவருக்காக, அண்ணி."

"அப்ப ஒண்ணையும் விடாம சொல்லு. என் தம்பி பாதி பாதியா சாகலை."

மண்டபத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். அவள் மைக்கைப் பிடித்தாள். தனியார் மருத்துவமனையில் காத்துக் கிடந்ததைச் சொன்னாள். எதிர்ப்பவர்கள் இருந்த இடப்பக்கத்திலிருந்து கைதட்டல் பறந்தது. பிளாஸ்டிக் உறையைப் பற்றிச் சொன்னாள். இப்போது ஆதரவாளர்கள் இருந்த வலப்பக்கம் தட்டியது. புருஷன் செத்த கதைக்கு இப்படி ஆள் மாற்றி ஆள் தட்டுகிறார்களே என்று இருந்தது அவளுக்கு.

"தட்டாதீங்க" என்றாள். "கார்ல ஏறினதும் அவரு சொன்னாரு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்னு. நான்தான் கேக்கலை. அங்க போனா நாய் படாத பாடு படணும், நம்ம கையிலதான் அட்டை இருக்கேன்னு வண்டியைத் திருப்பச் சொன்னேன். நேரா போயிருந்தா மிஷின் ஆளைத் தேடவாவது நேரம் இருந்திருக்கும். யாரை நம்புறதுன்னு தெரியாம நின்னேன். அந்த பயத்துக்கு உங்க மசோதாவில என்ன இருக்கு?"

மணி அடித்தது. மேடையிலிருந்த அதிகாரி பேனாவைத் தூக்கினார்.

"ஆதரவா, எதிர்ப்பாம்மா? ஏதாவது ஒண்ணு எழுதணும்."

"நான் சொன்னதை எழுதுங்க, சார்."

"அதுக்கு இதுல இடம் இல்லம்மா." கருத்து இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தன் இடத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியின் நாற்காலி காலி. வண்டியைத் திருப்பிய கதையை அவள் அன்றைக்குத்தான், ஊரோடு சேர்ந்து, முதல்முறையாகக் கேட்டிருந்தாள்.

மறுநாள் ஒரு பேப்பர் மிஷின் கதையை மட்டும் போட்டது, இன்னொன்று அட்டைக் கதையை மட்டும் போட்டது. வக்கீலும் சங்கத் தலைவியும் அப்புறம் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பின்னாளில் மசோதா நிறைவேறியது. அரசு மருத்துவமனைக்குப் பளபளவென்று புது போர்டு வந்தது. சீட்டு கொடுக்கும் ஜன்னலில் வரிசை மட்டும் அப்படியே நின்றது.

வீட்டில் கூட்டத்தன்று இரவே பேச்சு நின்றுபோயிற்று. அண்ணி தட்டில் சோறு போட்டு வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள். பொத்தான் தைப்பதையும் விட்டுவிட்டாள். இருபது நாளுக்குப் பிறகு ஒரு காலையில், கதவருகே நின்றபடி கேட்டாள்.

"உண்மையிலேயே அவன் சொன்னானா, அங்க போலாம்னு?"

"சொன்னாரு."

"உனக்குள்ளயே வெச்சிருந்திருக்கலாம் அதை."

"எட்டு மாசம் வெச்சிருந்தேன், அண்ணி. முடியலை."

"இப்ப எனக்கும் தூக்கம் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனாள். பள்ளி திறக்க நாலே நாள்தான் இருந்தது. தையலம்மா அடுத்த சட்டையை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.